பெயர்ப்பலகையில் எழுதாத பசி

எங்க ஊர் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கிறது. சேரிக்குள் நுழைகிற இடத்தில் நீலப் பெயிண்ட் அடித்த பலகை ஒன்று உண்டு. அதில் அண்ணல் அம்பேத்கரின் பெயர், பெயருக்குப் பின்னால் நீண்டுகொண்டே போகும் பட்டங்கள்: எம்.ஏ., எம்.எஸ்சி., பிஎச்.டி., டி.எஸ்சி., பார்-அட்-லா. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினதே அந்தப் பலகையில்தான். ஆனால் அந்தப் பட்டங்களை வாங்கின காலத்தில் அந்த மனுசன் எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார், வாடகைக்கு என்ன செய்தார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேதை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். மேதைக்கும் வயிறு உண்டு. அந்த வயிற்றின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத வைத்தவன் என் அக்கா மகன். அவன் கதை பின்னால் வரும்.

1913 ஜூனில் பரோடா சமஸ்தானத்தோடு அம்பேத்கர் ஒப்பந்தம் போடுகிறார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருசத்துக்கு. படித்து வந்த பிறகு பத்து வருசம் சமஸ்தானத்துக்கு வேலை செய்ய வேண்டும். ஜூலையில் நியூயார்க் போய் இறங்கினார். முதலில் தங்கின விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. இடம் மாறினார். பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பதேனா என்ற பார்சி மாணவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டார். ஒரு காபி, இரண்டு ரொட்டி, ஒரு தட்டு மீன் அல்லது இறைச்சி என்று அவருடைய சாப்பாட்டைக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார் வரலாற்றாசிரியர் தனஞ்சய் கீர். அந்தப் பணத்திலேயே மிச்சம் பிடித்துப் பம்பாயில் இருந்த ரமாபாய்க்கு அனுப்ப வேண்டும். பழைய புத்தகக் கடைகளிலும் வாங்க வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் புத்தகம் சேர்த்தார் என்கிறார்கள். அத்தனையும் வயிற்றைக் கட்டி வாங்கினது.

இந்தக் காலத்தில்தான், 1916 மே 9-ஆம் தேதி, கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையைப் படிக்கிறார். அப்போது அவருக்கு வயது 25.

அங்கிருந்து லண்டன். பொருளாதாரப் பள்ளியில் சேர்கிறார், கிரேஸ் இன்னில் சட்டமும் படிக்கிறார். 1917-ல் உதவித்தொகை முடிந்தது. படிப்பு பாதியில் நின்றது. அவருடைய அறிவுக்கு எந்தக் குறையும் வரவில்லை, பணத்துக்குத்தான் தவணை முடிந்தது. திரும்பும்போது மூட்டை முடிச்சை ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. பட்டினி கிடந்து வாங்கின புத்தகங்களில் பலவும் கடலுக்குள் போயின.

ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த வருசங்களில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தனக்கு அற்றுப்போயிருந்ததாக அவரே எழுதுகிறார். பரோடா ரயிலடியில் அந்த நினைப்பு திரும்பி வந்தது. தங்க இடமில்லை. பார்சிகளுக்கான விடுதியில் பார்சி பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியே துரத்தியது. நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்துகொண்டவரும் ஒரு பார்சிதான். மனுசன் அதே மனுசன், மண்தான் வேறே.

1920-ல் மறுபடியும் லண்டன். இந்தத் தடவை சமஸ்தானப் பணம் கிடையாது. சிடனம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த சம்பளம், கோலாப்பூர் சாகு மகராஜ் கொடுத்தது, பதேனாவிடம் வாங்கின கடன். காலையில் வீட்டுக்காரம்மா கொடுக்கும் ஒரு துண்டு ரொட்டியோடு பிரிட்டிஷ் மியூசியம் நூலகம். மதியச் சாப்பாடு இல்லை. ராத்திரி பசி எடுத்தால் நண்பர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டு, ஒரு டம்ளர் பாலோடு மறுபடி படிப்பு. 1921-ல் எம்.எஸ்சி., 1923-ல் டி.எஸ்சி. கொலம்பியாவின் பிஎச்.டி. இன்னும் தள்ளிப்போனது. ஆய்வை அச்சடித்துக் கொடுத்தால்தான் பட்டம் என்பது அப்போதைய விதி. 1925-ல் அச்சாகி, 1927-ல்தான் பட்டம் கைக்கு வந்தது. அவர் லண்டனில் பசியோடு படித்த வருசங்களில் பம்பாயில் ரமாபாயும் பசியோடுதான் குடும்பத்தை நடத்தினார். அந்தப் பட்டங்களில் அவருக்கும் பங்கு உண்டு. எந்தப் பலகையிலும் அதை எழுதினவர் இல்லை.

இப்போது என் அக்கா மகன். அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. பையன் எம்.ஏ. வரலாறு முடித்தவன். பஞ்சமி நிலம் பற்றி ஆய்வு செய்யணும் என்றான். எங்க பகுதி அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரெமன்கீர் 1891-ல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892-ல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். சென்னை மாகாண வருவாய்த்துறை ஆவணங்களின் பெரிய தொகுப்பு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. "அங்க போய்ப் படிச்சாத்தான் மாமா முழுசாத் தெரியும்" என்றான்.

தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை 1950-களிலிருந்து இருக்கிறது. நாடு முழுவதுக்கும் சேர்த்து வருசத்துக்கு 125 இடம். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று அலைந்து எல்லாம் வாங்கினோம். பிறகுதான் விதியைப் படித்தோம். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பணம் கிடையாது என்று 2022-ல் சேர்த்திருக்கிறார்கள். அதையெல்லாம் இங்கேயே படிக்கலாமே என்பது சொல்லப்பட்ட காரணம். யோசித்துப் பாருங்கள். 1916-ல் சாதிகளைப் பற்றி எழுதின அந்த 25 வயது இளைஞர் இந்த விதியின் கீழ் விண்ணப்பித்தால், அவர் பெயரால் பெருமை பேசுகிற அரசே அவரைத் திருப்பி அனுப்பும்.

விதிக்குள் வருகிறவர்களுக்கும் நிச்சயம் இல்லை. 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். 1917-ல் ஓடின அதே கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போய்ச் சேர்கிறவர்களையும் சாதி விடுவதில்லை. அந்தக் காலத்தில் அண்ணல் மறந்திருக்க முடிந்ததை இன்றைய மாணவன் மறக்க முடியாது. நம்ம நாட்டுக்காரர்கள் அங்கே கூட்டமாக இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, கறி சாப்பிடுவியா என்று கேட்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டி வந்ததென்றால், அங்கே சாதி எவ்வளவு ஊறியிருக்கும்?

என் அக்கா மகன் தலைப்பை மாற்றிவிட்டான். நகரக் குடிநீர் மேலாண்மை என்று எழுதி அனுப்பினான். நான் தடுக்கவில்லை, பசியில் இருக்கிறவனிடம் கொள்கை பேச எனக்கு வாய் வரவில்லை. "பஞ்சமி நிலத்த விட்டுடல மாமா, ஞாயித்துக்கிழமை நூலகம் தொறந்திருந்தா போய்ப் பாப்பேன்" என்றான்.

நம்ம தாத்தன் பாட்டனின் நிலத்துக் காகிதத்தை நம்ம பிள்ளை களவாடுகிறவன் மாதிரி ஒளிந்து படிக்கணுமா? பலகைக்கு வருசா வருசம் ஏப்ரல் 14-க்குப் பெயிண்ட் அடிக்கிறோம், மாலை போடுகிறோம். செய்வோம். அதோடு அந்த விதியை நீக்கச் சொல்லியும், தேர்வான அத்தனை பேருக்கும் பணம் தரச் சொல்லியும் தெருவுக்கு வருவோம். அண்ணலின் பட்டங்களைத் தாங்கினவை ஒரு துண்டு ரொட்டியும் ஒரு சுட்ட அப்பளமும். அந்தப் பசியை அடுத்த பிள்ளைக்கும் சொத்தாக எழுதி வைக்கக் கூடாது.