ஒளிந்து வென்றவரும் ஒளிபரப்பும்

1981 ஜூன் 27 அன்று, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹெனிகர் காட்டில் 12 பேர் முதன்முதலாகப் பெயிண்ட்பால் ஆடினர். மரங்களுக்கு அடையாளமிடப் பயன்பட்ட நெல்ஸ்பாட் துப்பாக்கிகளே அவர்களுடைய ஆயுதம். ஒருமுறைகூடச் சுடாமல், மறைந்து நகர்ந்தே கொடிகளைத் திரட்டி வென்றவர் ரிச்சி வைட் என்னும் வனவர். அந்த வெற்றியைப் படம்பிடிக்க ஒரு கேமராவை எங்கே நிறுத்தியிருக்க முடியும்? பின்னாளில் இவ்விளையாட்டைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்ல முயன்றவர்கள் இக்கேள்வியில்தான் முட்டிக்கொண்டனர் என்று நமக்குத் தோன்றுகிறது.

காட்டை விட்டு வெளியே வந்து, மரங்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த தடுப்புகளை நிறுத்தினர். 2000களின் தொடக்கத்தில் உருவான எக்ஸ்-பால் முறை, ஒரே கொடியோடு ஆட்டம் முடிந்துபோகாதபடி நேரக்கணக்கும் புள்ளிக்கணக்கும் தந்தது. பார்ப்பவருக்கு அது பெரிய உதவிதான். ஆனால் 0.68 அங்குல உருண்டை விநாடிக்கு ஏறத்தாழ 300 அடி வேகத்தில் பறப்பதைத் திரை எப்படிக் காட்டும்? கிரிக்கெட்டில் பந்து கண்ணுக்குத் தப்பினாலும் மட்டையாளரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கண் போகவேண்டிய இடம் ஒன்றே. இங்கோ அணிக்கு ஐவராகப் பத்துப் பேர் ஒரே கணத்தில் பல மூலைகளில் மோதுகின்றனர். முகமூடி வேறு, தோற்றவரின் முகவாட்டத்தைக்கூடக் காண நாம் கொடுத்துவைக்கவில்லை. ஒருவர் களத்தை விட்டு நடக்கும்போதுதான் அவர்மீது சாயம் பட்டதையே அறிகிறோம். சுட்டவர் யாரென்று மறுகாட்சி சொல்லும். அதற்குள் அடுத்த இருவர் வெளியேறியிருப்பர்.