பாரிசு நகரில் ஓர் அறை

கல்வி முடிந்துவிட்டது, கையில் பட்டமும் இருக்கிறது. ஆனால் எத்திசையில் கால் எடுத்து வைப்பது என்பதுதான் தெரியவில்லை. இத்தகைய இளைஞரையும் இளம்பெண்களையும் நம் பங்குகளில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். பணியில் அமர்ந்து பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும், 'இது என் பாதைதானா?' என்று தமக்குள்ளே வினவிக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. இத்தடுமாற்றத்தைச் சோம்பல் என்றும், விசுவாசக் குறைவு என்றும் எளிதாகத் தீர்ப்பிட்டுவிடுகிறோம். திருச்சபை வரலாறோ நம்மைச் சற்றே நிதானிக்கச் சொல்கிறது. இன்று நாம் புனிதர்களாக வணக்கம் செலுத்தும் மூவர் ஒரு காலத்தில் ஒரே அறையில் தங்கியிருந்து இதே வினாவோடு போராடியவர்கள்.

அந்த அறை, பாரிசு நகரின் புனித பார்பரா கல்லூரியில் இருந்தது. ஆண்டு 1529. மாணவர் இருவர் அங்கே முன்னரே தங்கியிருந்தனர். ஒருவர், சவாய் நாட்டு மலைச் சிற்றூரில் பிறந்த பேதுரு ஃபேபர். மற்றவர், நவார் நாட்டுப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார். இருவரும் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிறந்தவர்கள். புதிதாக வந்து சேர்ந்த மூன்றாமவருக்கோ வயது 38. காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பவர். அவரே லொயோலா இஞ்ஞாசியார்.

ஆடு மேய்த்த சிறுவன்

ஃபேபர் சிறு வயதில் ஆடு மேய்த்தவர். படிக்க வேண்டும் என்று அழுது அடம் பிடித்ததால், பெற்றோர் அவரைப் பத்து வயதளவில் பள்ளிக்கு அனுப்பினர். 1525இல் பாரிசுக்கு வந்தார். அறிவாற்றலில் எவருக்கும் குறைந்தவரல்லர். அரிஸ்டாட்டிலின் தத்துவத்தில் இஞ்ஞாசியாருக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஆயினும் தம் வாழ்வைக் குறித்து அவரால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. பிற்காலத்தில் தாம் எழுதிய ஆன்மீகக் குறிப்பேட்டில் அந்நாள்களை அவர் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். திருமணம் செய்துகொள்ளலாமா, மருத்துவராகலாமா, வழக்கறிஞராகலாமா, கல்லூரி ஆசிரியராகலாமா, இறையியல் அறிஞராகலாமா, பட்டம் ஏதுமின்றிக் குருவாகலாமா, துறவு மடத்தில் சேரலாமா என்று பல காற்றுகள் ஒரே நேரத்தில் அவரை அலைக்கழித்தன. இன்று நம் வீடுகளில் நடக்கும் உரையாடல் இதினின்று வெகுவாக மாறுபட்டதா என்ன?

மூத்தவர் கடந்து வந்த வழி

இந்த இளைஞர் தம் மனத்தைத் திறந்து காட்டியது, தாமே பலமுறை வழி தவறி வந்த ஒருவரிடம். இஞ்ஞாசியார் 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்தவர். அத்தோடு அவருடைய படைவீரர் வாழ்வு முடிந்தது. லொயோலா மாளிகையில் படுக்கையில் கிடந்தபோது வீரக் கதைகள் படிக்கக் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறுகளும் மட்டுமே. அங்கேதான் அவர் ஒரு நுட்பத்தைக் கண்டுகொண்டார். உயர்குலப் பெண்ணொருத்திக்குத் தொண்டு செய்து புகழ் பெறும் கனவு நினைக்கும்போது இனித்தது. கலைந்த பின்போ நெஞ்சம் வறண்டு கிடந்தது. புனிதர்களைப் போல் வாழும் எண்ணமும் இனித்தது. அது நீங்கிய பின்னும் மகிழ்ச்சி நிலைத்திருந்தது. எண்ணம் தோன்றும்போது உண்டாகும் சுவையைவிட, அது விட்டுச்செல்லும் சுவையைக் கவனிக்க வேண்டும் என்பதே அவர் கற்ற முதற்பாடம்.

எனினும் பாடம் உடனே பழக்கமாகிவிடவில்லை. 1522இல் மோன்செராத் திருத்தலத்தை நோக்கிச் செல்லும் வழியில், மூர் இனத்து வழிப்போக்கர் ஒருவர் அன்னை மரியாளின் கன்னிமையைக் குறித்து ஐயம் எழுப்பிவிட்டு முன்னே சென்றார். அவரைப் பின்தொடர்ந்து சென்று கத்தியால் குத்துவதா, விட்டுவிடுவதா என்று இஞ்ஞாசியாருக்குத் தெரியவில்லை. இறுதியில் முடிவைத் தாம் ஏறிவந்த கோவேறு கழுதையிடமே விட்டுவிட்டார்! பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்தினார். அந்த மனிதர் சென்ற ஊருக்குப் போகும் வழி அகலமாக இருந்தும், கழுதை வேறு வழியில் சென்றது. ஓர் உயிர் தப்பியது. முதுமையில் இந்நிகழ்ச்சியை அவரே எடுத்துரைத்தார். நாமும் நகைக்கலாம். ஆனால் அண்டை வீட்டார் பிள்ளை சேர்ந்த படிப்பிலேயே நம் பிள்ளையையும் சேர்க்கும்போது, கடிவாளத்தை யார் கையில் விடுகிறோம்?

1523இல் அவர் எருசலேம் சென்றடைந்தார். அங்கேயே வாழ்ந்து மடிவதே இறைத்திருவுளம் என்று உறுதியாக நம்பினார். ஆனால் அங்கிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் அவரைத் தங்க அனுமதிக்கவில்லை. திரும்பிச் செல்லுமாறு கட்டளையிட்டார். 'இனி என் செய்வது?' என்ற வினாவோடு திரும்பியவர், பிறருக்கு ஆன்மீக உதவி செய்யக் கல்வி வேண்டும் எனத் துணிந்து, 1524இல் பார்செலோனாவில், தம் 33ஆம் வயதில், சிறுவர்கள் கற்கும் இலத்தீன் இலக்கணத்தைத் தொடக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். மனப்பாடம் செய்ய அமர்ந்தாலோ, புத்தம் புதிய ஆன்மீகச் சிந்தனைகள் பெருக்கெடுத்தன. செபத்தில்கூட வராத இச்சிந்தனைகள் பாட நேரத்தில் மட்டும் வருவானேன் என ஆராய்ந்து, இது சோதனை என்று தெளிந்தார். உடனே ஆசிரியரிடம் சென்று, இரண்டு ஆண்டுகளுக்குப் பாடங்களைத் தவறாமல் கேட்பதாக வாக்களித்தார். புனிதமாகத் தோன்றும் எண்ணமும் கடமையினின்று நம்மை விலக்கக்கூடும் என்பது அவருடைய அடுத்த பாடம்.

தராசின் முள்

இத்தகைய மனிதர் ஃபேபருக்கு என்ன அறிவுரை கூறினார்? 'நீ குருவாகு' என்று ஆணையிட்டாரா? இல்லை. முழு வாழ்வையும் நோக்கி ஒரு பொதுப் பாவசங்கீர்த்தனம், வாரந்தோறும் ஒப்புரவும் நற்கருணையும், நாள்தோறும் ஆன்ம சோதனை ஆகியவற்றில் அவரைப் பழக்கினார். இவ்வாறே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1533இல் ஃபேபர் ஊருக்குச் சென்று தந்தையைக் கண்டு திரும்பினார். அதன் பின்னர், 1534இன் தொடக்கத்தில், சேன் நதியே உறைந்த கடுங்குளிரில், அவர் ஆன்மீகப் பயிற்சிகளை மேற்கொண்டார். தெளிவு பிறந்தது. அதே ஆண்டு மே 30ஆம் நாள் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், வாழ்க்கை நிலையைத் தேர்வு செய்வோருக்கு இஞ்ஞாசியார் தரும் நெறிகள் இன்றும் பயன்படத் தக்கவை. முதலில் இப்பக்கமோ அப்பக்கமோ சாயாத உள்ளச் சுதந்திரத்தை வேண்டிப் பெறவேண்டும். பின்னர், ஏற்பதால் வரும் நன்மை தீமைகளையும், ஏற்காமையால் வரும் நன்மை தீமைகளையும் வரிசைப்படுத்தி எடைபோட வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன கூறுவோம் என்று எண்ணிப் பார்க்கலாம். இறக்கும் தறுவாயில், எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம் என்றும் எண்ணிப் பார்க்கலாம். உள்ளம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில், முன்பு தெளிவோடு செய்த முடிவை ஒருபோதும் மாற்றலாகாது. இவை போலவே முக்கியமான மற்றொரு நெறி, வழிகாட்டுவோருக்கு உரியது: அவர் தராசின் முள்போல நடுவில் நிற்கவேண்டும். படைத்தவரும் படைக்கப்பட்ட ஆன்மாவும் நேரடியாக உறவாட விட்டு, எப்பக்கமும் இழுக்காதிருக்க வேண்டும். பெற்றோரும், ஆசிரியரும், குருக்களாகிய நாமும் நாள்தோறும் வாசித்துணர வேண்டிய நெறி இது.

அடைபட்ட வழி, திறந்த கடல்

சவேரியாரின் கதை வேறு வகையானது. அவருக்குத் தடுமாற்றம் இல்லை. மிகத் தெளிவான திட்டம் இருந்தது. கல்லூரியில் தத்துவம் கற்பித்து, குடிப்பிறப்புச் சான்று பெற்று, பம்ப்லோனா மறைமாவட்டத்தில் உயர்பதவியில் அமர்வதே அத்திட்டம். போரில் நலிந்த தம் குடும்பத்தை நிமிர்த்தும் ஆசையும் அதில் கலந்திருக்கக்கூடும். அவர் இஞ்ஞாசியாருக்கு நெடுநாள் இணங்கவில்லை. உறுதியாகத் தெரிந்த திட்டமும் ஒருவரின் உண்மையான அழைப்பாக இல்லாமல் போகலாம் என்பதற்கு அவரே சான்று.

1534 ஆகஸ்டு 15ஆம் நாள், மோன்மார்த்தர் குன்றில் ஃபேபர் நிறைவேற்றிய திருப்பலியில் எழுவர் வார்த்தைப்பாடு கொடுத்தனர். எருசலேம் செல்வோம், ஓராண்டு காத்திருந்தும் இயலாவிடில் திருத்தந்தையிடம் நம்மைக் கையளிப்போம் என்பது அவர்கள் உறுதி. வெனிசுக்கும் துருக்கியருக்கும் மூண்ட போரால் 1537இல் கப்பல் புறப்படவில்லை. வழி அடைபட்டது. 1538இல் அவர்கள் திருத்தந்தை மூன்றாம் பவுலிடம் சென்றனர்.

1540இல் போர்த்துக்கீசிய மன்னரின் வேண்டுகோளின்படி இந்தியாவுக்கு அனுப்பக் குறிக்கப்பட்டவர் பொபதில்லா. அவர் நோயுற்றதால், சவேரியார் மிகக் குறுகிய அவகாசத்தில் உரோமை நகரை விட்டுப் புறப்பட்டார். 1542 மே மாதம் கோவாவிலும், அவ்வாண்டின் இறுதியில் நம் முத்துக்குளித்துறையிலும் கால் பதித்தார். மணப்பாடும் தூத்துக்குடியும் அவர் திட்டத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. தமிழில் செபங்களை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு கடற்கரைத் தெருக்களில் சிறுவரை அழைத்துச் சென்ற அவரை, பாரிசு நகரத் தோழர்கள் கண்டிருந்தால் அடையாளம் கண்டிருப்பார்களா?

ஃபேபர் 1546 ஆகஸ்டு முதல் நாளில், தம் 40ஆம் வயதில் உரோமையில் இறந்தார். 2013 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். தம் தடுமாற்றத்தை ஒளிக்காமல் எழுதி வைத்த ஒருவர் புனிதர் வரிசையில் இடம்பெற்றிருப்பது, தடுமாறும் நம் பிள்ளைகளுக்குப் பெரும் ஆறுதல்.

அந்த அறையில் இருந்த மூவரும் குருக்களானார்கள். எல்லாரும் அவ்வாறே ஆகவேண்டும் என்பது அதன் பொருளன்று; ஃபேபர் எண்ணிப் பார்த்த மருத்துவமும், சட்டமும், ஆசிரியப் பணியும், இல்லறமும் இறைவன் அழைக்கும் பாதைகளே. நாம் கற்கவேண்டியது அவர்கள் காத்த பொறுமையை. காத்திருந்த காலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அன்றன்றைய பாடத்தைப் படித்தார்கள், செபித்தார்கள், தம்மினும் மூத்த ஒருவரிடம் மனம் திறந்தார்கள். நம் இல்லங்களில் ஒரு பிள்ளை, 'எனக்கு இன்னும் தெளிவில்லை' என்று சொன்னால், அதை அமைதியாகக் கேட்கும் செவி ஒன்றேனும் அங்கே இருக்கட்டும். தெளிவு, அதற்குரிய காலத்தில் வரும்.