புதன்கிழமையின் சொந்தக்காரர்



இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் கிழமை நாட்களைப் பாடமாக்கினோம். மண்டாக், தீர்ஸ்டாக், ஒன்ஸ்டாக், தோர்ஸ்டாக், பிரேடாக். வேலை அட்டவணையை வாசிக்க அது போதுமாக இருந்தது. அந்தப் பெயர்களுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரிக்க அப்போது யாருக்கு நேரம்?

தீர்ஸ்டாக் என்பது தீர் என்ற போர்த் தெய்வத்தின் நாள். ஒன்ஸ்டாக், தெய்வங்களுக்குத் தலைவரான ஒடினின் நாள். தோர்ஸ்டாக், கையில் சுத்தியலோடு இடியை ஆளும் தோரின் நாள். பிரேடாக், ஒடினின் மனைவி பிரிக்கின் நாள். கிறிஸ்தவம் வருவதற்கு முன்னர் ஸ்கண்டிநேவியாவில் வணங்கப்பட்ட தெய்வங்கள் இவர்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே இவர்களுடைய வழிபாடு தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் பல் வைத்தியரிடம் நேரம் எடுப்பதென்றாலும் இன்றைக்கும் இவர்களில் ஒருவருடைய பெயரைச் சொல்லித்தான் எடுக்கிறோம்.

இதில் எங்களுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. ரோமர்கள் ஏழு நாட்களுக்கும் கிரகங்களின் பெயரை வைத்தார்கள். அவர்களுக்கு அந்தக் கிரகங்கள் தெய்வங்கள். அதே முறை கிரேக்க சோதிடத்தோடு இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. நாங்கள் கிரகப் பெயர்களை வைத்துக்கொண்டோம். வட ஐரோப்பியர் ஒவ்வொரு ரோமத் தெய்வத்தின் இடத்திலும் அதற்கு ஈடான தங்கள் தெய்வத்தை இருத்தினார்கள். ரோமரின் மெர்க்குரி எங்களுக்குப் புதன், இவர்களுக்கு ஒடின். ஜூபிட்டர் எங்களுக்கு வியாழன், இவர்களுக்குத் தோர். செவ்வாயும் தீரும் ஒரே நாள், வெள்ளியும் பிரிக்கும் ஒரே நாள். ஆகவே யாழ்ப்பாணத்துப் புதன்கிழமையும் ஒஸ்லோவின் ஒன்ஸ்டாக்கும் பெயரால்கூட ஒரே வேரில் வந்தவை. சனிக்கிழமை மாத்திரம் விலகிப் போகிறது. லோர்டாக் என்றால் பழைய மொழியில் குளிக்கிற நாள். எங்கள் சனி முழுக்குக்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

இடப்பெயர்களையும் பாருங்கள். ஒஸ்லோவில் ட்ராம் நிற்கிற தோர்ஸ்ஹொவ், தோரின் கோயில் இருந்த இடம் என்று பொருள்படும். 1998 இல் திறக்கப்பட்ட கார்டர்மோன் விமான நிலையம் பெரும்பாலும் உல்லென்சாக்கர் என்ற நகரசபைக்குள் இருக்கிறது. அது உல் என்ற வில்லாளித் தெய்வத்தின் வயல். அதற்குப் பிறகு இங்கே வந்திறங்கிய எங்கள் சனம் முதலில் கால் வைத்தது அந்த வயலில்தான். வட கடலுக்குப் போனால் எண்ணெய், வாயு வயல்களுக்கும் இதே பெயர்கள். பிரிக் வயல் 1977 முதல் 2004 வரை வாயு தந்தது. ஒடின், தோர், பால்டர், ஹெய்ம்டால், வால்ஹால் என்று பட்டியல் நீளும். என்னைப் போல ஐந்தொகையோடு காலம் தள்ளுகிறவனுக்கு இது ஒரு வேடிக்கை. இந்த நாட்டின் ஓய்வூதிய நிதிக்குள்ளே பழைய தெய்வங்களின் பெயரில் வந்த வரவு நிறையவே கிடக்கிறது.

பிள்ளைகள் இவர்களை வேறு வழியால் அறிவார்கள். அமெரிக்கச் சித்திரக் கதையில் தோர் 1962 இலேயே வந்துவிட்டார், 2011 இல் திரைக்கு வந்தார். 2020 முதல் 2023 வரை வெளியான "ரக்னரொக்" என்ற நோர்வேத் தொடரில் தோரின் சக்தி ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு வந்து சேருகிறது. எதிரிகள், தொழிற்சாலை நடத்தி ஊரை நஞ்சாக்குகிற பணக்காரக் குடும்பம். தொடர் படமாக்கப்பட்டது ஒட்டா என்ற உண்மையான தொழிற்சாலை ஊரில். நல்ல கற்பனை. ஆனால் உண்மையில் நடந்த கதை அதைவிடச் சுவையானது என்பது என் கருத்து.

நோர்வேயில் மதமாற்றம் பெரும்பாலும் அரசர்களின் வாளால் நடந்தது. ஓலாவ் திரிக்வசன், அவருக்குப் பின் 1030 இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் இறந்த ஓலாவ் ஹரால்ட்சன் ஆகிய இருவரும் அதில் முக்கியமானவர்கள். சாதாரண மக்கள் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் நடந்தார்கள் போலும். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல் அச்சு இருக்கிறது. ஒரே அச்சில் சிலுவையும் வார்க்கலாம், தோரின் சுத்தியலும் வார்க்கலாம். அந்தக் கொல்லன் வாடிக்கையாளரை இழக்க விரும்பாத கெட்டிக்காரன்.

ஐஸ்லாந்தில் கதை வேறு. 999 அல்லது 1000 ஆம் ஆண்டில் அவர்களுடைய பொதுச்சபையான அல்திங்கில் இரண்டு சமயத்தவரும் மோதுகிற நிலை வந்தது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை தோர்கெய்ர் என்ற சட்டம் உரைப்பவரிடம் விட்டார்கள். அவர் பழைய சமயத்தவர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையால் மூடிக்கொண்டு படுத்திருந்தார். எழும்பி வந்து, சட்டம் இரண்டுபட்டால் சமாதானமும் இரண்டுபடும் என்று சொல்லி, எல்லோரும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று தீர்த்தார். ஆனால் குதிரை இறைச்சி உண்ணலாம், யாரும் சாட்சி இல்லாமல் வீட்டுக்குள்ளே பழைய தெய்வங்களுக்குப் படையல் வைக்கலாம் என்றும் விட்டார். சில வருடங்களில் அந்தச் சலுகையும் பறிபோனது. தோர்கெய்ர் தன் தெய்வச் சிலைகளை நீர்வீழ்ச்சியில் எறிந்தார் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வார்கள். நூறு வருடங்களுக்கு மேல் கழித்து இந்த வரலாற்றை எழுதிய ஆரி என்ற குருவானவரின் நூலில் அது இல்லை.

கோயில்கள் போயின. தெய்வங்களைக் காப்பாற்றியது எழுத்து, அதுவும் கிறிஸ்தவர்களின் எழுத்து. ஸ்நோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்து அரசியல்வாதி 1220 அளவில் "எட்டா" என்ற நூலில் பழைய தெய்வக் கதைகளைத் தொகுத்தார். கவிதை பழகுபவர்கள் அந்தக் கதைகள் தெரியாமல் தடுமாறக்கூடாது என்பது அவருடைய கவலை. இன்று நோர்வேஜியர் தங்கள் தெய்வங்களைப் பற்றி அறிந்ததில் பெரும்பகுதி அவர் தந்தது. அந்த மனிதரை 1241 இல் அவருடைய வீட்டு நிலவறையில் வெட்டிக் கொன்றார்கள். உத்தரவு நோர்வே அரசர் ஹாக்கோன் ஹாக்கோன்சனிடமிருந்து வந்தது.

தெய்வப் பாடல்களின் முக்கியமான கையெழுத்துப் பிரதி 1662 இல் டென்மார்க் அரசருக்கு அன்பளிப்பாகப் போனது. முந்நூறு வருடங்களுக்குப் பிறகு, 1971 ஏப்ரல் 21 இல், டென்மார்க் அதை ஒரு போர்க்கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திருப்பி அனுப்பியது. ரெய்க்யாவிக் துறைமுகத்தில் பெருங்கூட்டம் திரண்டு நின்றது. ஒரு புத்தகத்துக்காக ஒரு நாடு துறைமுகத்தில் காத்து நின்றதை, நூலகம் எரிந்ததைக் கண்ட எங்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வருடம் 1972 ஏப்ரல் 20 இல் ரெய்க்யாவிக்கில் பன்னிரண்டு பேர் கூடி, பழைய தெய்வங்களின் பெயரால் "ஆசாத்ரூ" சங்கத்தை ஆரம்பித்தார்கள். தலைவர் ஸ்வேன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன், ஆடு வளர்த்த கமக்காரர், பழைய மரபுப் பாடல்களைப் பாடுவதில் பேர்போனவர். பதிவுக்காக அமைச்சரைச் சந்தித்தபோது அவர் இதைப் பகிடி என்று நினைத்தாராம். இவர்கள் வெளியேறிய கையோடு நகரத்தில் இடி விழுந்து மின்சாரம் நின்றதென்று சொல்வார்கள். ஆயர் எதிர்த்தார். ஆனாலும் சமய சுதந்திரம் அரசியலமைப்பில் இருந்தது, 1973 இல் பதிவு கிடைத்தது. இன்று அந்தச் சங்கத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒரு முரண்: ஒடினின் சங்கம் முதலில் எழுந்த ஐஸ்லாந்தில் ஒடினின் புதன்கிழமை இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யோன் என்ற ஆயர் தெய்வப் பெயர்களை நீக்கிவிட்டார் என்பது மரபு. அவர்கள் இன்றும் மூன்றாம் நாள், நடுக்கிழமை, ஐந்தாம் நாள் என்றுதான் சொல்கிறார்கள்.

நோர்வேயில் பிவ்ரொஸ்ட் என்ற சங்கம் 1996 இல் பதிவானது. உறுப்பினர் சில நூறு பேர்தான். இதில் கணக்காளனாக எனக்குப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசு நோர்வே திருச்சபைக்கு ஓர் உறுப்பினருக்கு எவ்வளவு செலவிடுகிறதோ, அதற்கு ஈடாக மற்றச் சமயச் சங்கங்களும் தலைக்கணக்கில் மானியம் கேட்கலாம். 2021 இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் குறைந்தது 50 உறுப்பினர் வேண்டும். எங்கள் முருகன் கோயில், அம்மன் கோயில்களின் உறுப்பினர் பட்டியல் தனிநபர் இலக்கத்தோடு போய்ச் சேருகிற அதே முறையில்தான் தோரை வணங்குகிறவர்களின் பட்டியலும் போகிறது. இந்த மண்ணின் பழைய தெய்வமும் நேற்று வந்த எங்கள் தெய்வமும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே விண்ணப்பத்தில். பட்டியலில் பெயர் கொடுக்கப் பஞ்சிப்படும் நேயர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.

இனி ஒரு தாயார் எங்கள் நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்ட கேள்வி. மகளோடு வேலை செய்கிற ஒருவர் கழுத்தில் தோரின் சுத்தியல் போடுகிறார், அவர் நிறவாதியா, மகள் விலகி இருக்கவேண்டுமா என்று கேட்டார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1933 இல் குவிஸ்லிங் தொடங்கிய கட்சி வைக்கிங் காலச் சொற்களையும் சின்னங்களையும் எடுத்துத் தன் சீருடையில் குத்திக்கொண்டது. போருக்குப் பிறகு நெடுங்காலம் அந்தக் கறை போகவில்லை. 2015 இல் முப்பத்தோராயிரம் பேர் நோர்வேயில் தஞ்சம் கேட்டார்கள். அதே வருடம் பின்லாந்தில் "ஒடினின் படையினர்" என்ற பெயரில் அகதிகளுக்கு எதிரான ஒரு கும்பல் புறப்பட்டது. 2016 பெப்ரவரியில் தோன்ஸ்பர்க் தெருக்களிலும் அவர்கள் கறுப்புச் சட்டையோடு நடந்தார்கள். கோமாளி உடை போட்டு அவர்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு போன பின்லாந்துப் பிள்ளைகளையும் நான் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பெயருக்கு அவர்களிடம் உறுதி இல்லை. ஸ்நோரி எழுதிய கதைகளையே எடுங்கள். ஒடினின் தாய் பெஸ்ட்லா, எதிரிகளான அரக்கர் குலத்துப் பெண். தோரின் தாயும் அப்படியே. நியோர்ட், அவருடைய மகன் பிரெய், மகள் பிரெய்யா மூவரும் இன்னொரு தெய்வக் குலத்திலிருந்து, போர் முடிந்த பிறகு பணயமாக வந்தவர்கள். வந்த இடத்திலேயே தங்கி, அங்குள்ளவர்களோடு ஒன்றாக வணங்கப்பட்டார்கள். ஒடினோ வேடம் மாற்றி, பெயர் மாற்றி, நாடு நாடாக அலைந்து, தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர். அவர் பெயரில் உள்ள பழைய அறிவுரைப் பாடல், வாசலுக்கு வந்த அந்நியனை எப்படி உபசரிப்பது என்பதில்தான் தொடங்குகிறது.

ஐஸ்லாந்துச் சங்கம் இதில் வெளிப்படையாகவே நிற்கிறது. 2003 முதல் அதன் தலைவராக இருக்கும் இசையமைப்பாளர் ஹில்மார் ஓர்ன் ஹில்மார்சன், தங்கள் பெயரை வெறுப்புக்குப் பயன்படுத்துவோரோடு உறவில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருபால் இணையருக்குத் திருமணம் செய்துவைக்கச் சங்கம் ஆயத்தமாக இருப்பதற்காக, 2015 இல் வெளிநாட்டு ஒடின் பக்தர்களிடமிருந்து வசைக் கடிதங்களும் வந்தன.

ஆகவே அந்தத் தாயாருக்கு என் பதில்: சுத்தியலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பலருக்கு அது எங்கள் பிள்ளைகள் போடும் ஓம் பதக்கம் மாதிரி, சிலருக்கு வெறும் அலங்காரம். மகள் அந்த மனிதரிடம் அதைப் பற்றிக் கேட்கட்டும். அவர் தோரைப் பற்றிக் கதைக்கிறாரா, அல்லது எங்களைப் பற்றிக் கதைக்கிறாரா என்பதைக் கவனித்தால் போதும்.

அடுத்த மாத உரையில் ஸ்டிக்லஸ்டாட் போரைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.