முன்சக்கரத்து வில்லும் இறம்பொடைப் பாதையும்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருந்தெருவில், கடும் ஏற்றமும் நெருங்கிய வளைவுகளும் மிகுந்த பகுதியில் இறம்பொடை அமைந்துள்ளது. இத்தகைய மலையக வீதிகளைப் பற்றிப் பேசும்போது அவற்றை அமைப்பித்த ஆளுநரையும் பொறியியலாளரையும் நினைவுகூர்வது வழக்கம். அவ்வீதிகளின் கல்லும் குழியும் தந்த அதிர்வைத் தாங்கியோர் யாவர் என்ற வினாவோ அருகியே எழுப்பப்படுகின்றது. சக்கரத்துக்கும் மனித உடலுக்கும் இடையே வில் ஒன்று வந்து சேர்ந்த கதை இவ்வினாவுக்கு விடை தர வல்லது. சாதாரணத் துவிச்சக்கரவண்டியில் இயந்திரத்தைப் பூட்டியோர், அதன் முன்சக்கரத்துக்கும் வில் அமைக்க நேர்ந்த வரலாறு இவ்வகையில் ஊன்றி நோக்கற்பாலது.

1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வேட் பார்ன்ஸ் நுவரெலியாவை ஆங்கிலேயரின் உடல்நலத் தலமாக்க முனைந்தார். அதன் பின் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியது. புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டம் 1841இல் தொடங்கப்பட்டது. கோப்பி மூடைகள் மாட்டு வண்டியில் இறங்கின. அரிசி மூடைகள் மாட்டு வண்டியில் ஏறின. இரும்புப் பட்டை பூட்டிய மரச்சக்கரத்துக்கும் வண்டியின் அச்சுக்கும் இடையே வில் எதுவும் இருக்கவில்லை. செல்வரின் குதிரை வண்டிக்குத் தட்டுவில் உண்டு. வண்டிக்காரனுக்கோ அவனது முதுகெலும்பே வில். தோட்டத் தொழிலாளிக்கு அந்த மாட்டு வண்டியும் வாய்க்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் நடந்தே மலையேறினர். கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலையில் மாட்டிய கயிற்றாலும் கழுத்தாலும் தாங்கினர். புகையிரதம் 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. எனினும் நிலையத்துக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட கரடுமுரடான பாதை மாறவில்லை.

அதிர்வைக் குறைக்கும் முயற்சிகளுள் பெரும் விளைவை உண்டாக்கிய ஒன்று தொழிற்சாலையிலன்றி ஒரு வீட்டிலேயே நிகழ்ந்தது என்பது சுவையான செய்தி. பெல்பாஸ்ற் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காக மெல்லிய இறப்பர்த் தகட்டைக் குழாயாக்கி, அதனுள் காற்றடைத்துச் சோதித்தார். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ரொபேட் தொம்சன் என்பவர் 1845இலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தாராயினும், அது அன்று பயன்பாட்டில் நிலைக்கவில்லை. டன்லொப் காப்புரிமை பெறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் முன்னர், 1876இல், இலங்கையின் ஹெனரத்கொடைப் பூங்காவில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டிருந்தன. உலகத்துச் சக்கரங்களின் அதிர்வைத் தணித்த அப்பொருளைப் பிற்காலத்தில் இங்கு பால்வெட்டிச் சேர்த்தோருள் தமிழ்த் தொழிலாளரும் அடங்குவர்.

காற்றடைத்த டயர் மிதிப்பவனுக்குப் போதுமானதாக இருந்தது. இயந்திரம் வந்ததும் அது போதாமற் போயிற்று. பரிசில் வேர்னர் சகோதரர் 1897இல் துவிச்சக்கரவண்டியின் முன்சக்கரத்துக்கு மேலேயே இயந்திரத்தைப் பொருத்தினர். முன்பாரத்தால் வண்டி நிலைகுலைந்தமையால், 1901இல் அதனைச் சட்டத்தின் அடிப்பாகத்துக்கு மாற்றினர். ஆயினும் வேகம் தந்த இடர் எஞ்சியிருந்தது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி 45 கிலோமீற்றர் வேகத்தை எட்டும்போது அதன் இயக்கசக்தி மூன்று மடங்கன்று, ஒன்பது மடங்காகின்றது. மனிதனின் கால்வலிமைக்கு அளவாகச் செய்யப்பட்ட மெல்லிய முன்கவை, குழியில் விழுந்தெழும் ஒவ்வொரு முறையும் தன் கழுத்துப் பகுதியிற் சிறிது சிறிதாகத் தளர்கின்றது. பின்னர் ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறிகின்றது. எனவே முன்சக்கரத்து வில் வசதிக்காக மட்டும் வந்ததன்று. உயிர் காக்கவும் அது வேண்டப்பட்டது.

அதன் பின்னர் பலவகை வில்கள் தோன்றின. முன்கவை முழுவதையும் குறுந்தண்டுகளில் தொங்கவிட்டு, நடுவே சுருளிவில்லை வைத்தனர். ஆனால் வில்லை மட்டும் பூட்டுவது அரைத் தீர்வே என்பது விரைவிற் புலனாயிற்று. அமுங்கிய வில் தான் பெற்ற சக்தியைத் திருப்பித் தருகின்றது, சக்கரம் துள்ளுகின்றது, துள்ளும் சக்கரம் தரையைப் பற்றாது. ஆகவே துள்ளலைத் தணிக்கும் பொருட்டு உராய்வுத் தட்டுகளை இறுக்கி வைத்தனர். பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1935இல் எண்ணெயால் தணிக்கும் குழாய்க் கவையைத் தன் வண்டிகளுக்குப் பூட்டியது. தாங்குதல் ஒன்று, தணித்தல் வேறொன்று. இரண்டும் சேர்ந்தே அதிர்வுதாங்கி ஆகின்றது.

பற்றாக்குறைக் காலங்கள் இந்த அறிவை எளியோரின் கைக்குக் கொண்டுவந்தன. இரண்டாம் உலகப் போரில் வான்வழிப் படையினருக்காக றோயல் என்பீல்ட் நிறுவனம் செய்த 125 கன சென்ரிமீற்றர் வண்டியின் முன்கவையில், உருக்கு வில்லுக்குப் பதிலாக இறப்பர் வளையங்களே பாரத்தைத் தாங்கின. இழுபட்டு மீளும் இறப்பர் தான் பெற்ற சக்தியில் ஒரு பகுதியை வெப்பமாக்கி இழப்பதால், தாங்குதலோடு ஓரளவு தணித்தலையும் தானே செய்கின்றது. போரில் தோற்ற யப்பானில், 1946இல், சொய்ச்சிரோ ஹொண்டா இராணுவத்தின் எஞ்சிய சிறு இயந்திரங்களை வாங்கிச் சாதாரணத் துவிச்சக்கரவண்டிகளிற் பூட்டி விற்றார். அதே ஹொண்டாவின் நிறுவனம் 1958இல் வெளியிட்ட சுப்பர் கப் என்னும் 50 கன சென்ரிமீற்றர் வண்டியில், முன்கவையின் நுனியில் குறுநெம்புகள் இரண்டு அசைய, அவற்றின் மேல் வில்கள் அமுங்கின. இவ்வண்டி வரிசையின் மொத்த உற்பத்தி 2017இல் பத்துக் கோடியை எட்டியது.

சிறு பட்டறையில் ஒருவர் தாமே செய்யத்தக்க அமைப்பும் இக்குறுநெம்பு முறையே எனலாம். நீண்ட குழாய்களை நுணுக்கமாகக் கடைந்தெடுக்க வேண்டிய தேவை இதில் இல்லை. எனினும் இதன் எளிமை ஏமாற்றும் எளிமையாகும். இரு பக்க நெம்புகளும் ஒரே நீளமாகவும் வில்கள் ஒரே வலிமையாகவும் அமையாவிடின் சக்கரம் சரியும். அச்சாணியின் உட்குழல் தேய்ந்தால் கைபிடி நடுங்கும். தடையை நெம்பிலேயே பொருத்தினால், தடை பிடிக்கும்போது வில்லின் இயக்கமே மாறிவிடும். காய்ச்சி ஒட்டிய இடத்துக்கு அருகில் உலோகம் நலிவுறுவதும் உண்டு. சமதரையில் இக்குறைகள் பல நாள் மறைந்திருக்கலாம். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்குவோன் 800 மீற்றருக்கு மேல் தாழ வருகின்றான். அவ்விறக்கத்தில் தடை பிடிக்குந்தோறும் வண்டியின் பாரம் முன்சக்கரத்தையே சாடுகின்றது. அங்கே அக்குறைகள் மறைந்திரா.

இலங்கையில் இத்தகைய கைவினைக்குத் தூண்டுதலான சூழ்நிலை மீண்டும் மீண்டும் தோன்றியுள்ளது. 1970–77 காலத்தின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உதிரிப்பாகங்கள் அரிதாயின. 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டது. 2022இன் எரிபொருள் நெருக்கடியில், அவ்வாண்டின் நடுப்பகுதியில் வந்த பங்கீட்டு முறையின்படி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே முதலில் அளிக்கப்பட்டது. பஸ் வராத தோட்டத்திலிருந்து பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்ல வேண்டியோருக்கு, சிறிதளவு எரிபொருளில் ஓடும் எளிய வண்டி ஆடம்பரமன்று. அதே வேளை, மலைப்பாதை தவறுகளை எளிதில் மன்னிப்பதில்லை. 2025 மே 11ஆம் நாள் இறம்பொடையை அண்டிய கெரண்டியெல்லவிற் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தமை அதனை உணர்த்தும்.

ஆகவே கையாற் செய்யும் முயற்சியை வெறுமனே போற்றுவதும் தவறு. அறியாமை என்று ஒதுக்குவதும் தவறு. டன்லொப்பும் ஹொண்டாவும் கிடைத்ததைக் கொண்டு தொடங்கியவர்களே. ஆனால் அவர்களின் தொடக்கத்துக்குப் பின்னே சோதனையும் முதலும் தொழிற்சாலையும் வந்து சேர்ந்தன. மலையக இளைஞனின் பட்டறைக்கு அவை வந்து சேராவிடின் அவனது முயற்சி துணிச்சலாக மட்டுமே நின்றுவிடும். அத்துணிச்சலின் விலையையும் அவனது உடலே செலுத்தும். தொழில்நுட்பக் கல்வியும் பரிசோதனை வசதியும் தோட்டப்புறத்தை எட்டுவதும், தோட்டப் பாதைகள் செப்பனிடப்படுவதும் இதனாலேயே இன்றியமையாதனவாகின்றன. இரு நூற்றாண்டுகளாக மனித உடல் தாங்கிவந்த அதிர்வை இனியேனும் பாதையும் வில்லும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.