வீட்டுக்காரருக்கே வீடு வேண்டுமென்றால்...

யுத்தகாலத்தில், 1942இல், வாடகைக் கட்டுப்பாடு இலங்கைக்கு வந்தது. 1948இலும் 1972இலும் புதிய சட்டங்கள் அதனைத் தொடர்ந்தன. வாடகையை உயர்த்தவோ, நினைத்தபோது குடியிருப்பவரை எழுப்பவோ முடியாத வீட்டுக்காரர்களின் கையில் எஞ்சிய முக்கிய ஆயுதம் ஒன்றுதான்: "வீடு நான் குடியிருக்க வேண்டும்."

புதுக்கடை நீதிமன்றச் செய்திகளை எழுதிய நாட்களில் இத்தகைய வழக்குகள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். தேவை நியாயமானதா என்பதே கேள்வி. இரு தரப்பின் கஷ்டத்தையும் நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். குடியிருப்பவரிடம் வேறு வீடு தேடினீரா என்று கேட்பார்கள். தேடாதவர் பாடு திண்டாட்டம். தட்டுகள் சமமானால் வீட்டுக்காரர் பக்கமே சாயும்.

ஆட்கள் குடியிருக்கும் வீட்டை விலைக்கு வாங்கியவர் இக்காரணத்தைக் காட்டி வழக்கிடுவதை 1972 சட்டத்தின் 22ஆம் பிரிவு தடுத்தது. மலிவாக வாங்கி, ஆளை எழுப்பி, இலாபத்துக்கு விற்போரை எண்ணியே இத்தடை எழுதப்பட்டதென்பது என் கணிப்பு.

விசித்திரமானது 1977ஆம் ஆண்டின் திருத்தம். நியம வாடகை மாதம் 100 ரூபாவுக்கு மேற்படாத வீட்டை, வேறு வீடில்லாத உரிமையாளர் அதன்படி கேட்க முடிந்தது. ஆனால் தீர்ப்புக் கிடைத்தாலும், குடியிருப்பவருக்கு மாற்று வீடு தரமுடியுமென தேசிய வீடமைப்பு ஆணையாளர் நீதிமன்றத்துக்கு அறிவிக்கும்வரை அதனை நிறைவேற்ற இயலாதிருந்தது. ஆணையாளரிடம் கொடுப்பதற்கு வீடு ஏது? வென்ற தீர்ப்பை அலுமாரியில் பூட்டிவிட்டு, அயலார் வீட்டில் வாடகைக்கு இருந்த ஓய்வூதியர்களை நான் அறிவேன். எதிர்ப்பக்கம் நின்றவரும் பெரும்பாலும் ஒரு எழுதுவினைஞரே.