கேப்டனுக்குக் கரையில் யார் துணை?

எங்க ஊர் தியாகதுருகத்துல கேப்டன்னு சொன்னா ரெண்டே பேர்தான். ஒருத்தர், பக்கத்து ரிஷிவந்தியம் தொகுதியில 2011ல நின்னு ஜெயிச்ச விஜயகாந்த். இன்னொருத்தர் கேப்டன் ஃபிளின்ட். 1790ல திப்பு சுல்தான் தியாகதுருகம் மலைக்கோட்டையைத் தாக்கினப்போ உள்ளே இருந்து விடாமத் தாக்குப்பிடிச்ச கும்பினி அதிகாரி. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி ஹைதர் அலி படை வந்தவாசிக் கோட்டையை முற்றுகை போட்டப்பவும் உள்ளே இருந்து காத்தது இதே மனுஷன்தான். மத்தபடி கப்பல் ஓட்டுற கேப்டனுக்கும் எங்க ஊருக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. கடல் பார்க்கணும்னா கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ பஸ் ஏறணும். கல்வராயன் மலை மேல ஏறி நின்னாலும் கண்ணுக்கு எட்டுறது காடும் வயலும்தான்.

அப்படிப்பட்ட ஊர்க்காரன் கப்பல் கேப்டன்களோட சங்கத்தைப் பத்தி எழுத வந்ததுக்குக் காரணம், என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தன். நான் பொறியியல் பக்கம் ஒதுங்கினப்போ அவன் நாட்டிகல் சயின்ஸ் பக்கம் போயிட்டான். இப்போ ஒரு சரக்குக் கப்பல்ல செகண்ட் ஆபீசர். "நீ கேப்டன் ஆனா யாருக்குடா பதில் சொல்லணும்?"னு ஒரு தடவை கேட்டேன். "கடல்ல இருக்கிற வரைக்கும் எவனுக்கும் இல்ல. கரைக்கு வந்துட்டா எல்லாருக்கும்"னான். விளையாட்டாச் சொன்னானோ என்னவோ, அந்த ரெண்டாவது பாதியைத் தேடிப் படிச்சதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க :-)

முதல்ல ஒரு சின்ன விளக்கம். சட்டத்துல கப்பல் தலைவருக்குப் பேரு "மாஸ்டர்". கேப்டன்கிறது மரியாதைக்குக் கூப்பிடுறது. செகண்ட் மேட், ஃபர்ஸ்ட் மேட், மாஸ்டர்னு மூணு படி. ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு காலம் கடல்ல வேலை பார்த்திருக்கணும்னு கணக்கு இருக்கு. எழுத்துத் தேர்வு போக, எதிர்ல உட்கார்ந்து கேள்வி கேட்டு வறுத்தெடுக்கிற வாய்மொழித் தேர்வும் உண்டு. இதெல்லாம் தாண்டி வந்தவர்தான் மாஸ்டர் மரைனர். கப்பல், சரக்கு, ஆட்கள், கடல் மாசு எல்லாத்துக்கும் பொறுப்பு அவர் தலையில. அதுக்கு ஈடா அதிகாரமும் உண்டு. பாதுகாப்புக்காக மாஸ்டர் எடுக்கிற முடிவைக் கப்பல் முதலாளியே குறுக்க வந்து தடுக்கக் கூடாதுன்னு சோலாஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தம் சொல்லுது.

இவ்வளவு அதிகாரம் உள்ளவருக்குச் சங்கம் எதுக்கு? பழைய கதையிலிருந்து வருவோம்.

சுமத்ரா தீவோட மேற்குக் கரையில பாருஸ்னு ஒரு ஊர். கற்பூரத்துக்குப் பேர் போன துறைமுகம். அங்கே லோபு துவா என்கிற இடத்துல ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைச்சது. சக வருஷம் 1010, அதாவது கி.பி. 1088. வெட்டினவங்க திசையாயிரத்து ஐந்நூற்றுவர், தென்னிந்தியாவோட பெரிய வணிகக் குழு. நீலகண்ட சாஸ்திரி 1932ல இதைப் பத்தி எழுதினார். பின்னாடி எ. சுப்பராயலு மறுபடி வாசிச்சு விளக்கினார். அதுல கப்பல் தலைவருக்கு இருக்கிற பேரு "மரக்கல நாயன்". சாராம்சம் இதுதான்: வர்ற ஒவ்வொரு மரக்கல நாயனும் அவரோட ஆட்களும் கஸ்தூரி விலையை அளவா வெச்சுப் பொன்னா ஒரு கட்டணம் கட்டணும். கட்டினதுக்கு அப்புறம்தான் விரிச்சு வெச்ச பாவாடையில கால் வைக்கலாம்.

கவனிச்சீங்களா? சங்கம் வியாபாரிகளோடது. விதி போடுறது அவங்க. பணம் கட்டுறவர் கேப்டன். வங்காள விரிகுடாவைத் தாண்டிக் கப்பலைக் கொண்டுவந்து சேர்த்த மனுஷன், கரையில கால் வைக்க இன்னொருத்தர் சங்கத்துக்குக் கட்டணம் கட்டணும்.

இதாவது பரவாயில்லை. அந்தக் காலத்துக் கடற்கரை அரசர்கள் பலர்கிட்ட இன்னொரு வழக்கம் இருந்துச்சு. புயல்ல சிக்கிக் கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கினா, அதுல இருக்கிற சரக்கு அந்த ஊர் ராஜாவுக்கு! உயிர் தப்பி வந்தவன் கையை விரிச்சிட்டு நிக்க வேண்டியதுதான். காகதீய அரசர் கணபதிதேவர் 1244ல ஆந்திரக் கரையில இருக்கிற மோட்டுப்பள்ளியில ஒரு சாசனம் வெட்டி வெச்சார். இனிமே அப்படிப் பிடுங்க மாட்டோம், நியாயமான சுங்கம் மட்டும் வாங்கிப்போம், பயப்படாம வாங்கன்னு கடல் வணிகர்களுக்கு அபயம் கொடுத்தார். அபயம் கொடுக்கிறதையே கல்லுல வெட்டி நிறுத்த வேண்டியிருந்ததுன்னா, அதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க. புயலுக்குத் தப்பினவனுக்குக் கரையில ரெண்டாவது புயல்.

அப்படியே ஒரு தாவு தாவி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1906ல வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு பண்ணினதும், காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்ததும், 1908ல அவரை ஜெயில்ல போட்டதும் நம்ம எல்லாருக்கும் தெரியும். 1919 ஏப்ரல் 5ல சிந்தியா கம்பெனியோட எஸ்.எஸ். லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிச்சு. அந்தத் தேதிதான் 1964லேர்ந்து தேசியக் கடல்சார் தினம். நாம அதிகம் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. கப்பலுக்குப் பங்கு சேர்த்துப் பணம் திரட்டலாம், கேப்டனை அப்படித் திரட்ட முடியாது. இந்தியப் பசங்களை வணிகக் கப்பல் அதிகாரியா ஆக்குறதுக்குன்னு டஃப்ரின் என்கிற பயிற்சிக் கப்பல் பம்பாயில வந்தது 1927லதான். அதுல ஏறின பையன் கேடட்டா ஆரம்பிச்சு, படிப்படியா பரீட்சை எழுதி மாஸ்டர் ஆகுறதுக்குள்ள வருஷம் ஓடிடும்.

அதே சமயத்துல லண்டன்ல வேற ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. முதல் உலகப் போர்ல வணிகக் கப்பல்கள் கொத்துக் கொத்தா மூழ்கியிருந்த நேரம். மத்த தொழிலுக்கெல்லாம் நூற்றாண்டுக் கணக்கா லண்டன்ல "கம்பெனி"ங்கிற பேர்ல தொழிற்குழு இருக்கு. பொற்கொல்லருக்கு இருக்கு, மீன் வியாபாரிக்கு இருக்கு. கப்பல் கேப்டனுக்கு மட்டும் இல்லையேன்னு சர் ராபர்ட் பர்ட்டன் சாட்விக் 1921ல கேட்டார். 1926ல கம்பெனி ஆஃப் மாஸ்டர் மரைனர்ஸ் உருவாச்சு. 1928ல ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் "ஹானரபிள்" பட்டம் கொடுத்தார். 1948லேர்ந்து 2023 வரைக்கும் அவங்க தலைமையகம் தேம்ஸ் ஆத்துல கட்டி வெச்சிருந்த வெலிங்டன்கிற பழைய போர்க்கப்பல். கேப்டனுங்க ஆபீஸ் போட்டாலும் தண்ணி மேலதான் போடுறாங்க :-)

நம்ம ஊர்ல அந்தப் பாணியில வந்தது கம்பெனி ஆஃப் மாஸ்டர் மரைனர்ஸ் ஆஃப் இந்தியா. 1957, மும்பை. கம்பெனின்னு பேர் இருந்தாலும் லாபத்துக்கு நடத்துற கடை இல்லை. தலைவருக்கு அங்கேயும் "மாஸ்டர்"னுதான் பேரு. சென்னை, கொல்கத்தா, கொச்சி, விசாகப்பட்டினம்னு கிளைகள் உண்டு. "கமாண்ட்"னு ஒரு பத்திரிகை. சம்பளம், லீவு, ஒப்பந்தம்னு பேசுறதுக்குத் தொழிற்சங்கம் தனியா இருக்கு; அதிகாரிகளுக்கான மாரிடைம் யூனியன் ஆஃப் இந்தியா 1939லயே வந்துடுச்சு. கம்பெனியோட வேலை வேற. கருத்தரங்கு, பயிற்சித் தரம், புது விதிகள் மேல அபிப்பிராயம், இப்படித் தொழில் சம்பந்தமானது.

கேட்டா கொஞ்சம் போரடிக்கிற விஷயமாத்தான் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு, ஒரு கணக்கு மண்டையில உறைக்கிற வரைக்கும். ஒரு கப்பலுக்கு ஒரே ஒரு கேப்டன்தான். அதாவது ஒரு கேப்டன் தன் சர்வீஸ் முழுக்க இன்னொரு கேப்டன்கூட சேர்ந்து வேலை பார்க்கவே மாட்டார். நமக்கெல்லாம் பக்கத்து சீட்ல ஒருத்தன் இருப்பான். "மச்சி, இந்த எர்ரர் ஏன் வருது?"னு கேட்டா எட்டிப் பார்த்துச் சொல்லுவான். கேப்டனுக்குப் பக்கத்து சீட்டே கிடையாது. அவர் தன் பதவியில இருக்கிற இன்னொருத்தரைக் கப்பல்ல பார்க்கிறது பொறுப்பு மாத்துற அன்னிக்கு மட்டும்தான். இவர் பெட்டியோட ஏறுவார், அவர் பெட்டியோட இறங்குவார். நடுவுல இருக்கிற நேரத்துல சாவி, கணக்கு, சான்றிதழ், "அந்த ஜெனரேட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணும், பார்த்துக்கோங்க". அவ்வளவுதான்.

கடலை விட்டு இறங்கினதும் ஒருத்தர் துறைமுக பைலட் ஆவார், ஒருத்தர் சர்வேயர் ஆவார், ஒருத்தர் கடல்சார் கல்லூரியில பாடம் எடுப்பார், ஒருத்தர் கப்பல் நிர்வாக ஆபீஸ்ல உட்காருவார். இவங்க எல்லாரும் ஒரே அறையில உட்கார்ந்து, "எனக்கு ஒரு தடவை இப்படி ஆச்சு"ன்னு பேசிக்கிற இடம் இந்தச் சங்கம்தான். அந்தப் பேச்சோட மதிப்பு, ஒருத்தர் மாட்டிக்கும்போதுதான் தெரியும்.

2007 டிசம்பர் 7. தென்கொரியாவோட மேற்குக் கரையில டேசான் துறைமுகத்துக்கு வெளியே ஹெபே ஸ்பிரிட்னு ஒரு ராட்சத எண்ணெய்க் கப்பல் நங்கூரம் போட்டு நிக்குது. கேப்டன் ஜஸ்பிரீத் சாவ்லா, சீஃப் ஆபீசர் சியாம் சேதன், ரெண்டு பேரும் இந்தியர். அந்தப் பக்கமா இழுவைப் படகுகள் ஒரு கிரேன் மிதவையை இழுத்துட்டுப் போகுது. கடல் மோசம். இழுவைக் கம்பி அறுந்து, மிதவை வந்து நின்னுக்கிட்டிருந்த கப்பல் மேல மோதி ஓட்டை போட்டுடுச்சு. 10,000 டன்னுக்கு மேல கச்சா எண்ணெய் கடல்ல கொட்டிச்சு. கொரியாவோட மிகப் பெரிய எண்ணெய்க் கசிவு. லட்சக்கணக்கான தன்னார்வலர்கள் கரையில உட்கார்ந்து கல்லைத் துடைச்சாங்க. மீனவர்களோட பிழைப்பு போச்சு. அந்தக் கோபம் நியாயமானது.

ஆனா யார் மேல? நின்ன கப்பலோட கேப்டனும் சீஃப் ஆபீசரும் நாட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. 2008 ஜூன்ல கீழ்க்கோர்ட்டு ரெண்டு பேரும் குற்றவாளி இல்லைன்னு சொல்லிடுச்சு. அப்பவும் ஊருக்கு விடலை. அரசுத் தரப்பு அப்பீல் போச்சு. டிசம்பர்ல அப்பீல் கோர்ட்டு கேப்டனுக்கு 18 மாசம், சீஃப் ஆபீசருக்கு 8 மாசம் சிறைன்னு தீர்ப்பு சொல்லி உள்ளே தள்ளிச்சு.

சங்கங்கள் விழிச்சுக்கிட்டது அப்போதான். இந்தியாவுல கப்பல் தொழிற்சங்கங்களும் அதிகாரிகள் அமைப்புகளும் தெருவுக்கு வந்தாங்க. வெளிநாட்டு மாலுமி சங்கங்களும், சாதாரணமா எதிர் அணியில நிக்கிற கப்பல் முதலாளிகளோட அமைப்புகளும்கூட ஒரே குரல்ல பேசிச்சு. சாதாரண ஆர்ப்பாட்டத்துல கோஷம் மட்டும் இருக்கும். இங்கே தொழில் தெரிஞ்சவங்க வரிக்கு வரி தீர்ப்பைப் படிச்சு, நங்கூரத்துல நிக்கிற இவ்வளவு பெரிய கப்பலை அந்த நேரத்துல நகர்த்துறது எவ்வளவு கஷ்டம், தொட்டிகள்ல என்ன பண்ண முடியும், என்ன பண்ண முடியாதுன்னு வாதம் வெச்சாங்க. இன்னொரு கேப்டனாலதான் இதைச் சொல்ல முடியும். 2009 ஜனவரியில ரெண்டு பேரும் ஜாமீன்ல வந்தாங்க. ஏப்ரல்ல கொரிய உச்ச நீதிமன்றம் சிறைத் தண்டனை நிக்காதுன்னு சொல்லிச்சு. ஜூன்லதான் வீடு வந்து சேர்ந்தாங்க. மொத்தம் ஒன்றரை வருஷம்.

இதுல வேடிக்கை என்னன்னா, விபத்துல சிக்கின மாலுமிகளை நியாயமா நடத்தணும்னு ஐ.எம்.ஓ.வும் ஐ.எல்.ஓ.வும் சேர்ந்து வழிகாட்டு நெறி வெளியிட்டது 2006ல. அதுக்கு முன்னாடி, 2002ல ஸ்பெயின் பக்கம் பிரெஸ்டீஜ் கப்பல் உடைஞ்சப்போ, 67 வயசு கிரேக்கக் கேப்டன் மங்கூராஸை உள்ளே போட்டு, 30 லட்சம் யூரோ ஜாமீன் கேட்டாங்க. அந்த அனுபவமெல்லாம் சேர்ந்துதான் அந்த நெறி வந்துச்சு. வந்த அடுத்த வருஷமே ஹெபே ஸ்பிரிட். காகிதத்துல எழுதினா மட்டும் போதாது, ஞாபகப்படுத்துறதுக்கு ஆள் வேணும். 2022 ஆகஸ்ட்ல ஹீரோயிக் இடுன் கப்பலோட 26 பேர், அதுல 16 பேர் இந்தியர், எக்வடோரியல் கினியாவுல பிடிபட்டு, அப்புறம் நைஜீரியாவுக்கு மாத்தப்பட்டு, 2023 மே மாசக் கடைசியிலதான் விடுதலை ஆனாங்க.

கேப்டன் தப்பே பண்ண மாட்டார்னு நான் சொல்ல வரலை. போதையில கப்பலை ஓட்டினவரும் உண்டு, கப்பல் முழுகும்போது முதல் ஆளா இறங்கி ஓடினவரும் உண்டு. அவங்களைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனா நம்ம தொழில்ல சர்வர் படுத்துட்டா "யார் பண்ணினது?"ன்னு கேட்காம "எப்படி நடந்துச்சு?"ன்னு கேளுங்கடான்னு இப்போ சொல்லிக்கொடுக்கிறாங்க. பயந்தவன் உண்மையைச் சொல்ல மாட்டான், உண்மை வராட்டி அதே தப்பு திரும்ப வரும். கடல்லயும் இதே கதைதான். விபத்தானதும் ஜெயில்தான்னு தெரிஞ்சா எந்த கேப்டன் வாயைத் திறப்பார்?

இன்னொரு விஷயம் சொல்லணும். இந்தச் சங்கமெல்லாம் ரொம்ப நாளா ஆம்பளைங்க கூட்டமாவே இருந்துச்சு. இந்திய வணிகக் கப்பல்ல முதல் பெண் கேப்டன் ராதிகா மேனன். 2015 ஜூன்ல வங்காள விரிகுடாவுல கொந்தளிப்புக்கு நடுவுல, துர்காம்மாங்கிற படகுல தத்தளிச்ச 7 மீனவர்களைத் தன் சம்பூர்ண ஸ்வராஜ்யா கப்பலால காப்பாத்தினார். 2016ல ஐ.எம்.ஓ.வோட வீரதீர விருது கிடைச்சுது. அடுத்த வருஷமே இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து பெண் மாலுமிகளுக்குன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். கப்பல்ல ஒத்தைப் பொண்ணா நிக்கிறவளுக்குப் பக்கத்து சீட்டு இன்னும் தூரம்தானே.

பாருஸ் கல்வெட்டுக்கும் இப்போதைக்கும் நடுவுல மாறினது இதுதான்னு எனக்குப் படுது. அன்னிக்கு மரக்கல நாயன் இன்னொருத்தர் சங்கத்துக்குப் பொன் கட்டிட்டுக் கரையேறினார். இன்னிக்கு அவருக்குன்னு ஒரு சங்கம் இருக்கு, அதுக்கு அவரே சந்தா கட்டுறார்.

ஐடிக்காரங்களும் சங்கம் வெச்சுக்கத் தடை ஒண்ணும் இல்லைன்னு தமிழ்நாடு அரசு 2016லயே தெளிவாச் சொல்லிடுச்சு. ஒரே மாடியில 200 பேர் பக்கத்துப் பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கோம். நாளைக்கு ஒருத்தனைத் தனியா ஒரு அறைக்குள்ள கூப்பிட்டு ராஜினாமா கடிதத்துல கையெழுத்துக் கேட்டா, அவன்கூட எழுந்து போக நம்மில் எத்தனை பேர்? ஏழு கடல்ல சிதறிக் கிடக்கிறவங்களால முடிஞ்சது நமக்கு ஏன் முடியலைன்னு சொல்லுங்க மக்களே.