முதியோர் தன்மேலாண்மைத் திட்டங்கள்

முதியோர் தன்மேலாண்மைத் திட்டங்கள் என்பன, வயது முதிர்ந்தோர் தம் நாட்பட்ட நோய்களையும் அன்றாட வாழ்வையும் தாமே திறம்பட நடத்திக்கொள்ளக் கற்பிக்கும் பயிற்சிகள் ஆகும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் போன்றவை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடர்பவை. மருத்துவரைக் காணும் நேரமோ சில நிமிடங்களே. எஞ்சிய நாட்களில் உணவு, மருந்து, நடை பற்றிய முடிவுகளை முதியவரே எடுக்கிறார். அம்முடிவுகளுக்குத் துணைசெய்வதே இத்திட்டங்களின் நோக்கமாகும். இவை மருத்துவத்திற்கு மாற்று அல்ல.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழுவினர் முதலில் மூட்டுவாத நோயாளிகளுக்கும், 1990களில் பல்வேறு நாட்பட்ட நோயாளிகளுக்கும் இத்தகைய பயிற்சியை உருவாக்கினர். வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரமாக ஆறு வாரங்கள் இது நடைபெறும். நாட்பட்ட நோயுடன் வாழும் பொதுமக்களும் பயிற்றுநராக இருப்பது இதன் சிறப்பு. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயை மட்டுமன்றி முதியோரின் நல்வாழ்வையே மையமாகக் கொண்ட திட்டங்களை வகுத்தனர். ஐக்கிய நாடுகள் அவை 2021–2030 காலப்பகுதியை நலமான முதுமைக்கான பத்தாண்டாக அறிவித்தது.

செயல்முறை

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் தன்னாற்றல் நம்பிக்கைக் கோட்பாடு இதன் அடிப்படை. பங்கேற்போர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரு சிறு செயல்திட்டம் வகுப்பர். எடுத்துக்காட்டாக, தென்காசி அருகேயுள்ள இலஞ்சியில் வாழும் ஒருவர் "இனி நிறைய நடப்பேன்" என்று கூறுவது போதாது. "இவ்வாரம் நான்கு நாட்கள், காலை உணவுக்கு முன், குமாரர் கோயில் வரை நடப்பேன்" என்பதே செயல்திட்டம். அதை நிறைவேற்றும் நம்பிக்கைக்கு அவரே பத்துக்கு மதிப்பெண் இடுவார். ஏழுக்குக் குறைந்தால் இலக்கு எளிதாக்கப்படும். அடுத்த வாரம், தடைப்பட்டவற்றுக்குக் குழுவினர் சேர்ந்து தீர்வு காண்பர்.

வலியையும் சோர்வையும் கையாளுதல், மருந்தை முறையாக உட்கொள்ளுதல், உடற்பயிற்சி, உணவு, மருத்துவரிடம் ஐயங்களைக் கேட்டறிதல் ஆகியனவும் கற்பிக்கப்படுகின்றன.

பயனும் வரம்பும்

1999ஆம் ஆண்டு வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 952 பேர் பங்கேற்றனர். ஆறு மாதங்களில் பயிற்சி பெற்றோரிடம் உடற்பயிற்சி கூடியது; மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைந்தன. 2007இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் தன்னம்பிக்கை உயர்ந்தபோதிலும், மருத்துவச் சேவைப் பயன்பாடு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. கடும் மறதிநோய் உள்ளோருக்கு இம்முறை பொருந்தாது.

தமிழ்நாட்டில்

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஹெல்ப்பேஜ் இந்தியா நிறுவனம் கடலோர மாவட்டங்களில் முதியோர் சுய உதவிக் குழுக்களை அமைத்தது. சேமிப்பு, கடன் ஆகியவற்றுடன் ஒருவருக்கொருவர் துணைநிற்றலும் இவற்றின் பணியாகும்.

2021 ஆகத்து 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளை வீட்டிலேயே வழங்குகின்றனர். இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இதில் அடங்கும். எனினும் மருந்து வீடு தேடி வந்தாலும், அதை வேளை தவறாது உட்கொள்வதும், ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறைப்பதும், நீரிழிவு உள்ளோர் பாதங்களை நாள்தோறும் பார்த்துக்கொள்வதும் முதியவரின் கையிலேயே உள்ளன. தன்மேலாண்மைப் பயிற்சியின் தேவை இங்கேயே எழுகிறது.

இவற்றையும் பார்க்க

முதியோர் மருத்துவம்
சுய உதவிக் குழு
நீரிழிவு நோய்